‘பிளட்ஹவுண்ட்ஸ்’ கொரியத் தொடர்: நிறை எது, குறை எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஜூன் 9 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த கொரிய ஆக்‌ஷன் த்ரில்லர் ‘பிளட்ஹவுண்ட்ஸ்’. மொத்தம் 8 எபிசோட். நேவர் என்ற கொரிய இணையதளத்தில் வெளியான ஒரு வெப்டூனை (இணையச் சித்திரக்கதை) தொடராக்கி எழுதி இயக்கியவர் கிம் ஜூ-ஹ்வான். இந்தப் பக்கம் முதல் சீசனைப் பற்றியது. பாதி தூரம் வரை கதை முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. ஸ்பாய்லர் தொடங்கும் இடத்தில் எச்சரிக்கை இருக்கிறது.

நேரம் குறைவு. சுருக்கமாகச் சொல்லுங்கள், பார்க்கலாமா?

முதல் 6 எபிசோடுகளுக்காகத் தாராளமாகப் பார்க்கலாம். கொரிய ஓடிடி தொடர்களில் கைச்சண்டையை இவ்வளவு நன்றாகச் செய்தவை குறைவு. கடைசி 2 எபிசோடுகள் வேறு யாரோ எழுதிய மாதிரி இருக்கும். அதற்குப் படப்பிடிப்பில் நடந்த ஒரு காரணம் உண்டு, கீழே சொல்கிறோம்.

கதை என்ன?

கோவிட் காலத்து சியோல். கிம் கன்-வூ (வூ டோ-ஹ்வான்) வளர்ந்துவரும் குத்துச்சண்டை வீரன். அம்மா ஒரு சின்ன காபிக் கடை நடத்துகிறார். ஊரடங்குக் கட்டுப்பாடுகளில் வியாபாரம் படுத்துவிட, குறைந்த வட்டி என்று ஆசை காட்டிய ஒரு நிறுவனத்திடம் கையெழுத்துப் போட்டுச் சிக்கிக்கொள்கிறார். ‘ஸ்மைல் கேபிடல்’ என்பது நிறுவனத்தின் பெயர். அதன் தலைவன் கிம் மியாங்-கில் (பார்க் சங்-வூங்).

போட்டியில் கன்-வூவிடம் தோற்ற ஹாங் வூ-ஜின் (லீ சாங்-யி) அவனுக்கு நண்பனாகிறான். இருவரும் முதலாளி சோய் (ஹோ ஜூன்-ஹோ) என்ற பெரியவரிடம் வேலைக்குச் சேர்கிறார்கள். ஒரு காலத்தில் வட்டித்தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர், இப்போது இல்லாதவர்களுக்கு வட்டியே வாங்காமல் பணம் கொடுக்கிறார். அவருடைய பேத்தி ஸ்தானத்தில் இருக்கும் சா ஹியான்-ஜூவுக்கு (கிம் சே-ரான்) பாதுகாப்பாகப் போவதுதான் இவர்களுக்கு முதல் வேலை.

பழிவாங்கும் கதைதான், புதிதாக ஒன்றுமில்லை. சொன்ன விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

சண்டைக் காட்சிகளை எல்லோரும் புகழ்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, நாயகர்கள் குத்துச்சண்டைக்காரர்களாகவே சண்டை போடுகிறார்கள். பறந்து உதைப்பது, சுவரில் ஏறித் திரும்புவது எல்லாம் கிடையாது. முகவாயைத் தாழ்த்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முன்னங்காலை நகர்த்தி, பின்னங்காலைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறார்கள். நடிகர்கள் இருவரும் பல மாதம் பயிற்சி எடுத்தவர்கள். அதனால் கேமரா தலை முதல் கால் வரை ஒரே ஃப்ரேமில் காட்டத் தயங்கவில்லை. நடிகருக்குக் கால்வேலை தெரியாவிட்டால் எடிட்டர்தான் வெட்டி வெட்டி ஒட்டி மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். இங்கே அந்தச் சிரமம் பெரும்பாலும் தெரியவில்லை.

இரண்டாவது, கும்பலைச் சமாளிக்கும் விதம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தால் எவனும் தாங்கமாட்டான். அதனால் இவர்கள் குறுகலான வழி, படிக்கட்டு, மேசை நாற்காலிக்கு இடைவெளி என்று இடம் பார்த்து நின்று, எதிரிகளை வரிசையாக வரவைக்கிறார்கள். ஒருவனை அடித்து அடுத்தவன் மேலேயே தள்ளுகிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து சண்டை போடும்போது முதுகுக்கு முதுகு காவல்.

மூன்றாவதுதான் முக்கியம். அடி வாங்கினால் அதற்கு விலை உண்டு. தொடக்கத்தில் காபிக் கடையை அடித்து நொறுக்க வரும் கும்பலைக் கன்-வூ தனியாளாகச் சமாளிக்கிறான். நம் சினிமாவாக இருந்தால் அங்கே பின்னணி இசை எகிறி எபிசோட் முடிந்திருக்கும். இங்கே மியாங்-கில் உள்ளே வருகிறான். இதுவரை ஜெயித்த அதே பையனைத் தரையில் கிடத்தி, அம்மாவின் கண்ணெதிரிலேயே கன்னத்தில் கத்தியால் கோடு போடுகிறான். அந்தத் தழும்பு தொடர் முழுக்க அவன் முகத்தில் இருக்கிறது. அடுத்த முறை கன்-வூ கையை உயர்த்தும்போது நமக்கு உள்ளூர பயம் வருகிறதே, அதற்கு இந்த ஒரு காட்சிதான் முதலீடு.

உண்மையான குத்துச்சண்டைக்கு இது எவ்வளவு பக்கம்?

தற்காப்பும் கால்வேலையும் மிகப் பக்கம். வயிற்றுப் பக்கம் விடும் குத்துகளுக்குக் கொடுத்திருக்கும் மரியாதையும் சரி. வலது விலாவுக்குக் கீழே கல்லீரல் இருக்கிறது. அங்கே இடதுகைக் கொக்கிக் குத்து சரியாக விழுந்தால் எதிராளி உடனே விழமாட்டான். ஒரு நொடி நிற்பான், பிறகு மூச்சு விடமுடியாமல் மடங்குவான். அந்த ஒரு நொடித் தாமதம் நடிப்பில் வருகிறதா என்று பார்த்தாலே ஸ்டன்ட் குழு வேலை தெரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

மிகைப்படுத்தல் எங்கே என்றால், வெறுங்கை. கையுறையும் துணிக்கட்டும் இல்லாமல் மண்டையோட்டில் ஓங்கிக் குத்தினால் முதலில் உடைவது குத்துபவனின் கைதான். சுண்டுவிரலுக்கு அடியில் உள்ள எலும்பு முறிவதற்கு மருத்துவத்தில் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே பெயர். ஒரு இரவில் இருபது தலையைக் குத்தினவன் மறுநாள் காலை சாப்ஸ்டிக் பிடிக்க முடியாது. தொடரில் பிடிக்கிறார்கள்.

எடைப் பிரிவும் அப்படியே. மியாங்-கில்லின் வலதுகையாக வரும் காங் இன்-பொம் (டே வோன்-சோக்) மலை மாதிரி ஆள். குத்துச்சண்டையில் எடைப் பிரிவு வைத்திருப்பதே இவ்வளவு வித்தியாசமுள்ள இரண்டு பேர் மோதக்கூடாது என்பதற்காகத்தான். ஆனாலும் அவனோடு மோதும் காட்சிகள் நன்றாகவே நிற்கின்றன. காரணம், முதலில் விடும் குத்துகள் அவன்மேல் வேலை செய்யவில்லை என்பதைத் தொடர் ஒளிக்காமல் காட்டுகிறது. பிறகு வேகத்தையும் கோணத்தையும் மாற்றித்தான் சமாளிக்கிறார்கள்.

கத்திக்கு எதிராகக் குத்துச்சண்டை எவ்வளவு பலவீனம் என்பதும் சரியாக வந்திருக்கிறது. முகத்தை மறைக்க உயர்த்தும் முன்னங்கைதான் கத்திக்கு முதல் இலக்கு. முதலாளி சோயிடம் முன்பு வேலை பார்த்த, கத்தியில் கைதேர்ந்த இரண்டு பழைய ஆட்கள் (ரியூ சூ-யங், லீ ஹே-யங்) கதைக்குள் வந்ததும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இவ்வளவு பெரிய ரவுடிக் கும்பல், ஒருவரிடமும் துப்பாக்கி இல்லையா?

தென் கொரியாவில் தனியார் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கடும் கட்டுப்பாடு. வேட்டைத் துப்பாக்கியைக்கூடப் பொதுவாகக் காவல் நிலையத்தில்தான் ஒப்படைத்து வைக்க வேண்டும். அதனால்தான் கொரிய ரவுடிப் படங்களில் பேஸ்பால் மட்டை, இரும்புக் குழாய், சமையல் கத்தி என்றே ஓடுகிறது. லாஜிக் ஓட்டை என்று யாராவது எழுதினால் நம்பவேண்டாம்.

கடன், கந்துவட்டி விஷயமெல்லாம் நிஜத்தில் இருப்பதா?

பின்னணி நிஜம். சியோலும் சுற்றுவட்டாரமும் 2020 நவம்பர் 24 முதல் 2021 ஜனவரி நடுப்பகுதி வரை காபிக் கடையில் உட்கார்ந்து குடிக்க அனுமதி இல்லாமல் இருந்தன. பார்சல் மட்டும்தான். கன்-வூவின் அம்மா மாதிரி நாலு மேசை போட்டுப் பிழைத்தவர்களுக்கு இது நேரடி அடி. வாடகை மட்டும் மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது.

சட்டப்படி அங்கே வட்டிக்கு உச்சவரம்பு உண்டு. அப்போது ஆண்டுக்கு 24 சதவீதம், 2021 ஜூலையில் அதை 20 ஆகக் குறைத்தார்கள். இரவு 9 மணிக்கு மேல் காலை 8 மணிக்குள் கடன் வசூலிக்கப் போகக்கூடாது, போன் போட்டு மிரட்டக்கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. வங்கியும் பதிவு பெற்ற நிறுவனங்களும் கைவிரித்த பிறகு, இந்தச் சட்டத்துக்கு வெளியே உள்ளவனிடம்தான் போகிறார்கள். தொடர் பிடித்திருப்பது அந்த இடத்தை. ஆபீஸ் பளபளக்கிறது, ஊழியர் மரியாதையாகப் பேசுகிறார், ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக எழுத்து. அடியாட்கள் பிறகுதான் வருகிறார்கள். முதல் எபிசோடில் பயமுறுத்துவது அந்தச் சிரித்த முகம்தான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

வில்லன் எப்படி?

பார்க் சங்-வூங் 2013-இல் வந்த ‘நியூ வேர்ல்ட்’ படத்திலிருந்தே இந்த மாதிரிப் பாத்திரங்களுக்குப் பெயர்போனவர். இங்கே குரலை உயர்த்தாமலே நடுங்க வைக்கிறார். அடியாட்களை ஏவிவிட்டு ஓரமாக நிற்கிற வில்லன் இல்லை, தானே இறங்கி அடிப்பவன். நாயகனைவிட வலிமையானவன் என்று எழுதிய துணிச்சல் கதைக்குப் பெரிய பலம்.

குறை எழுத்தில். கொடுமை செய்வதைத் தவிர இவனுக்கு வேறு முகம் கிடையாது. பணக்கார வாரிசு ஹாங் மின்-பொமை (சூப்பர் ஜூனியர் பாப் இசைக்குழுவின் சோய் ஷி-வோன்) மிரட்டிப் பெரிய தொழிலுக்குள் கால் வைக்கப் பார்க்கிறான் என்பது தெரிகிறது. ஏன் இவ்வளவு வெறி என்பதற்குத் தொடர் நேரம் ஒதுக்கவில்லை.

நாயகர்கள் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறார்களே, செயற்கையாகத் தெரியாதா?

சிலருக்குத் தெரியும். கன்-வூ கெட்ட வார்த்தை பேசுவதில்லை, பெரியவர்களைக் கண்டால் குனிந்து வணங்குகிறான், வயதில் மூத்தவன் எதிரியானாலும் மரியாதைச் சொல்லோடு பேசுகிறான். வூ-ஜின் வாயாடி. ஆனால் மனசு வெள்ளை.

இது வேலை செய்வதற்குக் காரணம் இருவரும் முன்னாள் மரைன்கள் (கடற்படைக் காலாட்படை வீரர்கள்) என்ற இணைப்பு. கொரியாவில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு என்றாலும், மரைன் படைக்கு விருப்பப்பட்டு விண்ணப்பித்துத்தான் சேரவேண்டும். அதனால் வெளியே வந்த பிறகும் நீ எந்த பேட்ச், நான் எந்த பேட்ச் என்ற கேள்வி ஓயாது. சற்றுமுன் மேடையில் ஒருவன் மூஞ்சியை ஒருவன் பெயர்த்தவர்கள், மரைன் என்று தெரிந்த மாத்திரத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து வெட்டு வெட்டென்று வெட்டுகிறார்கள். அந்தச் சாப்பாட்டுக் காட்சியை இயக்குநர் அவசரப்படாமல் ஓடவிட்டிருக்கிறார். பின்னால் வரும் சண்டைகளில் ஒருவனுக்காக ஒருவன் குறுக்கே பாய்வதை நாம் நம்புவது அதனால்தான். இரண்டு இளைஞர்களின் நட்பு இந்த இயக்குநருக்குக் கைவந்த விஷயம். 2017-இல் இவர் எடுத்த ‘மிட்நைட் ரன்னர்ஸ்’ படமும் போலீஸ் பயிற்சியில் இருக்கும் இரண்டு நண்பர்களைப் பற்றியதே.

ஸ்பாய்லர் இல்லாமல் சொல்லக்கூடிய குறைகள்?

போலீஸ் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். தெருவுக்குத் தெரு சிசிடிவி இருக்கும் ஊரில் கட்டிடம் கட்டிடமாக வெட்டுக்குத்து நடக்கிறது, ஒரு சைரன் கேட்பதில்லை. ஒரு போலீஸ் பாத்திரம் உண்டு, கதைக்குத் தேவைப்படும்போது வந்துவிட்டுப் போகிறார்.

பெண்களுக்கு இடம் குறைவு. அம்மா அழுவதற்கும் கவலைப்படுவதற்கும் மட்டும். ஹியான்-ஜூ ஒருத்திதான் சொந்த மூளையோடு முடிவெடுப்பவள், அவளுக்கும் கடைசியில் அநியாயம் நடக்கிறது.

இன்னொன்று, காயங்கள் ஆறும் வேகம். முதலில் அடிக்கு விலை உண்டு என்று சொன்னோமே, அந்தக் கணக்கு போகப் போகத் தளர்கிறது. வயிற்றில் கத்தி வாங்கியவர்கள் எழுந்து நடமாடும்போது நம் பயமும் குறைந்துவிடுகிறது.

(இங்கிருந்து ஸ்பாய்லர்) கடைசி 2 எபிசோடுகளுக்கு என்ன ஆயிற்று?

ஹியான்-ஜூவாக நடித்த கிம் சே-ரான் 2022 மே மாதம் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கில் சிக்கினார். அப்போது படப்பிடிப்பு முடியும் கட்டத்தில் இருந்தது. அவர் விலகினார். இயக்குநர் வேலையை நிறுத்திவிட்டு 7, 8 ஆகிய எபிசோடுகளைப் புதிதாக எழுதினார். ஏற்கெனவே எடுத்ததில் கிம் சே-ரான் வரும் பகுதிகளை முடிந்தவரை குறைத்தார்கள். மொத்தமாக நீக்கியிருந்தால் முதல் 6 எபிசோடும் போயிருக்கும், அவ்வளவு தூரம் அந்தப் பாத்திரம் கதையோடு பின்னியிருந்தது. கிம் சே-ரான் 2025 பிப்ரவரியில் காலமானார். இன்று பார்க்கும்போது அந்த ஆறு எபிசோடுகளில் அவர் எவ்வளவு இயல்பாக நடித்திருக்கிறார் என்பதும் கண்ணில் படும்.

விளைவு திரையில் இப்படித் தெரிகிறது. 6-வது எபிசோடில் முதலாளி சோயும் அவருடைய ஆட்களும் கொல்லப்படுகிறார்கள். தாத்தாவைப் பறிகொடுத்த ஹியான்-ஜூதான் பழிவாங்க முதல் உரிமை உள்ளவள். அவள் கதையை விட்டே போய்விடுகிறாள், போனதற்கு ஒப்புக்கு ஒரு காரணம். காலம் தாவுகிறது. நாயகர்கள் ஊரைவிட்டு விலகிக் கடலோரத்தில் உடம்பைத் தேற்றுகிறார்கள். ஹியான்-ஜூ இருந்திருக்க வேண்டிய இடத்தில் புதிதாக ஒரு பெண் (ஜங் டா-உன்) வருகிறார். நடிகை மேல் குற்றமில்லை, இரண்டே எபிசோடில் யாரும் மனதில் நிற்கமுடியாது.

அதைவிடப் பெரிய இழப்பு, பழியின் பாரம் இறங்கிவிட்டது. கடன்பட்டுச் செத்த சின்னக் கடைக்காரர்களின் கதை பின்னுக்குப் போய், தங்கக் கட்டி, திட்டம், துரத்தல் என்று சாதாரண ஆக்‌ஷன் படமாகிறது. சண்டைகள் அப்போதும் நன்றாகத்தான் இருக்கின்றன. யாருக்காக அடிக்கிறார்கள் என்பதுதான் மங்கிவிட்டது.

அப்படியானால் 6-வதோடு நிறுத்திவிடலாமா?

வேண்டாம். 6-வது முடியும் இடம் மனசைப் பிசைந்துவிடும், அங்கே விட்டால் ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். இப்படிப் பிரித்துப் பாருங்கள்: முதல் நாள் 1, 2. அடுத்து 3, 4. பிறகு 5, 6 இரண்டையும் ஒரே மூச்சில். அதன்பின் ஒரு நாள் இடைவெளி விட்டு 7, 8. அந்த இடைவெளி முக்கியம். 6 முடிந்த சூட்டில் 7-ஐப் போட்டால் கதையின் தாளம் மாறியது முகத்தில் அறையும். ஒரு நாள் ஆறப்போட்டால் கால இடைவெளியோடு அதுவும் ஒத்துப்போகும். ஒரு எபிசோட் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள்.

டப்பிங்கா, சப்டைட்டிலா?

கொரிய ஒலியோடு சப்டைட்டில். கன்-வூ யாரிடம் எந்த அளவு மரியாதையாகப் பேசுகிறான் என்பதுதான் பாத்திரமே. வூ-ஜினை அவன் ‘ஹ்யோங்’ என்று கூப்பிடுவது நம் ‘அண்ணே’ மாதிரி. சப்டைட்டிலில் அந்த இடத்தில் வெறும் பெயர் வந்தாலும் காதில் விழும் சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். ஆங்கில டப்பிங்கில் அதுவும் போய்விடும். சண்டைக் காட்சிகளில் வசனம் குறைவு, எனவே சப்டைட்டில் படிப்பதில் எதையும் தவறவிட மாட்டீர்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் பார்க்கவேண்டாம். குத்து விழும் ஒலியை மெனக்கெட்டுச் சேர்த்திருக்கிறார்கள், ஹெட்போன் போட்டால்தான் அது தெரியும்.

வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

கூடாது. படுக்கையறைக் காட்சிகளோ காதல் பாட்டோ இல்லை, ஆனால் கத்திக்குத்தும் ரத்தமும் சித்திரவதையும் தாராளம். பெரியவர்களுக்கான தொடர். ரத்தம் பார்த்தால் தலைசுற்றுபவர்கள் 6-வது எபிசோடின் பின்பாதியில் ஜாக்கிரதை.

இரண்டாவது சீசன்?

அறிவித்தார்கள். வூ டோ-ஹ்வான், லீ சாங்-யி இருவரும் தொடர்கிறார்கள், வில்லனாகப் பாடகரும் நடிகருமான ரெயின். முதல் சீசனின் கதை தன்னளவில் முடிந்துவிடுவதால், அடுத்ததைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை.

இது பிடித்தால் அடுத்து எதைப் பார்ப்பது?

கைச்சண்டைதான் உங்களைக் கட்டிப்போட்டது என்றால் ‘மை நேம்’ (2021, 8 எபிசோட்). அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போலீசுக்குள் உளவாளியாக நுழையும் பெண்ணாக ஹான் சோ-ஹீ. நட்பும் சிரிப்பும் அதில் கிடையாது. முதல் நிமிடத்திலிருந்து கனமாக இருக்கும், ஆனால் கடைசிவரை ஒரே கையெழுத்து.

பிரம்மாண்டம் வேண்டுமானால் ‘வேகபாண்ட்’ (2019, 16 எபிசோட்). விமான விபத்துக்குப் பின்னுள்ள சதியைத் துரத்தும் ஸ்டன்ட் கலைஞனாக லீ சுங்-கி, உளவுத்துறை அதிகாரியாக சூசி. மொராக்கோவில் எடுத்த துரத்தல்கள் கண்ணுக்கு விருந்து. வெளிநாட்டு நடிகர்கள் ஆங்கிலம் பேசும் இடங்கள் மட்டும் காதுக்குச் சோதனை. முடிவைப் பாதியில் விட்டுவிட்டார்கள், தொடர்ச்சியும் வரவில்லை. 16 மணி நேரம் செலவழித்துவிட்டு அந்தரத்தில் நிற்கச் சம்மதம் என்றால் தொடங்குங்கள்.